பத்தொன்பதாவது கேள்வி

எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அடுத்த தடவை விசா கிடைக்காது. கடலுக்குள் காற்றாலைகளை வரிசையாக நட்டு, அந்தக் கரண்டை விற்றே பிழைக்கிற ஒரு குளிர் நாடு என்று வைத்துக்கொண்டால் போதும். சங்கரன்கோவிலிலிருந்து புறப்பட்டு, மூன்று விமானம் மாறி, கோமதி அங்கே இறங்கியபோது காலை பத்தரை மணி. கண்ணாடிக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்தது. அவளுக்கோ உள்ளே போகவே பயமாக இருந்தது.

அதிகாரிகளை நினைத்து அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒன்பது வருஷமாக நிற்கிறவள் அவள். குடித்துவிட்டு வந்து சலம்புகிறவனையே "வரிசையில நில்லும்வே" என்று ஒரு அதட்டலில் நிறுத்துகிறவள். அவள் பயந்ததெல்லாம் புருஷன் முகத்தைப் பார்க்கப் போவதை நினைத்துத்தான். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகப்போகிறது, அதில் சேர்ந்து இருந்தது முதல் ஏழே மாதம். சங்கரபாண்டி இங்கே கடலுக்குள் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறான். அவனிடம் சொல்ல அவள் ஒரு சேதி கொண்டுவந்திருந்தாள். அவனுடைய அம்மா செத்துப்போய் நாற்பத்தேழு நாள் ஆகிறது. அது அவனுக்குத் தெரியாது.

பெற்ற தாய் செத்ததை மகனிடம் மறைக்கிற குடும்பமும் ஒரு குடும்பமா என்று ஆத்திரப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது உள்ளதுதான். கை ஒடிந்தால் "லேசான சுளுக்கு" என்பார்கள். நெஞ்சுவலி என்றால் "வாயுத்தொல்லை". தன்னந்தனியாகக் கிடக்கிற பிள்ளை கேட்டால் தாங்குமா என்கிற எண்ணம். சங்கரபாண்டி விஷயத்தில் அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அவனுக்கு அந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கும் உரிமை கிடைக்க இன்னும் பதினோரு மாதம். அதற்குள் ஒரே ஒரு நாள் நாட்டைவிட்டு வெளியே போனாலும், ஐந்து வருஷமும் மறுபடி முதலிலிருந்து. உரிமை கிடைத்துவிட்டால் பெண்டாட்டியையும் அம்மாவையும் கூட்டிக்கொள்ளலாம். நெஞ்சு அடைத்த அன்று, ஆம்புலன்சில் வைத்தே அவன் அம்மா செண்பகம் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவன்ட்ட சொல்லிராதட்டீ. ஓடி வந்துருவான், கோட்டிப்பய."

கோமதி சொல்லவில்லை. கொள்ளி போட்டது சித்தப்பா மகன். போனில் பேசும்போதெல்லாம் "அத்தை தூங்குதாவ", "அத்தை கோயிலுக்குப் போயிருக்காவ", "அத்தைக்குத் தொண்டை கட்டியிருக்கு." சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டு, சொல்லமாட்டோம் என்று சத்தியம் வாங்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் செய்தாள். போனில் சொல்ல அவளுக்கு மனசே இல்லை. சொன்ன நிமிஷம் அவன் டிக்கெட் போடுவான், இல்லையென்றால் ஒரு அறைக்குள் தனியாகக் கிடந்து அழுவான். இரண்டும் அவளுக்கு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அழுது முடிக்கும்வரை கூடவே இருந்து, பதினோரு மாதத்தையும் ஓட்டிவிடு என்று அவனைத் தேற்ற வேண்டும். அதற்காகத்தான் இருபது நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

புருஷனையோ பெண்டாட்டியையோ பார்க்க வருகிறவர்களை அங்கே விமான நிலையத்திலேயே தனி அறையில் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும், மெதுவான குரல். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு அம்மாள், நெற்றியில் சின்னதாகப் பொட்டு வைத்திருந்தாள். பொட்டைப் பார்த்ததுமே கோமதிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. நான் சிவகௌரி, யாழ்ப்பாணம். இவர் கேக்கிறதை உங்களுக்குத் தமிழில சொல்லுவன், நீங்கள் சொல்லுறதை இவருக்குச் சொல்லுவன். என்ர அபிப்பிராயம் ஒண்டும் சொல்ல எனக்கு அனுமதியில்லை. சரியே?"

"சரிக்கா."

கோமதியின் மணிக்கட்டில் ஒரு மெல்லிய பட்டையைச் சுற்றினார் அதிகாரி.

"இது என்னத்துக்குக்கா?"

"நீங்கள் சொல்லுறது உங்களுக்கே உண்மையாப் படுதோ எண்டு இது பாக்கும். உங்கட அவரும் இப்ப தன்ர ஊர் அலுவலகத்தில இப்பிடித்தான் ஒரு அறைக்குள்ள தனிய இருக்கிறார், அங்க கேள்வி கேக்கிறது மெசின்தான். ரெண்டு பேருக்கும் ஒரே நொடியில ஒரே கேள்வி வரும். பதில் ரெண்டும் பொருந்த வேணும். பொய்க் கலியாணம் கட்டி ஆக்களைக் கொண்டு வாறவையைப் பிடிக்க எண்டு கண்டுபிடிச்ச மெசின்."

மேசைமேல் நாலு சின்ன விளக்குகள் இருந்தன. சிவகௌரி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் உண்மை சொல்லி, பதிலும் பொருந்தினால் பச்சை. பதில் பொருந்தி, ஒராள் மட்டும் பொய் சொல்லியிருந்தால் மஞ்சள். வெக்கத்தில, பயத்தில சின்னப் பொய் சொல்லாத ஆக்கள் ஆர்? மூண்டு மஞ்சள் வரைக்கும் விடுவினம். பதில் பொருந்தாட்டிச் சிவப்பு. அப்ப நீங்கள் சொன்னதை அவருக்கும், அவர் சொன்னதை உங்களுக்கும் வாசிச்சுக் காட்டி விளக்கம் கேப்பினம்."

"இந்த ஊதா?"

"ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் அது. முன்னமே கூடிப் பேசிப் பாடமாக்கினவைக்குத்தான் வரும். வந்தால் அடுத்த விமானத்திலயே திருப்பி அனுப்புவினம், பிறகு ஐஞ்சு வருசம் உள்ள வரேலாது. உங்களுக்கு ஏன் அது? பயப்பிடாதேங்கோ."

கேள்விகள் ஆரம்பித்தன. கட்டிலில் யார் சுவர்ப்பக்கம் படுப்பது? அவர். கணவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? ஒன்றும் சொல்லமாட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள்? மிக்ஸிக்கு. மிக்ஸிக்கு என்ன? அவர் சும்மா இருந்த மிக்ஸியைக் கழற்றிப்போட்டுவிட்டு, ஒரு திருகாணியை விட்டுவிட்டு மாட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டே சிரித்தார். எல்லாம் பச்சை. சங்கரபாண்டியும் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து திருகாணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கையில் கோமதிக்கு அவன் பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோலவே இருந்தது.

பதினாலாவது கேள்வி, கணவர் பாடினால் மனைவிக்குப் பிடிக்குமா?

"பிடிக்கும்," என்றாள் கோமதி.

மஞ்சள் எரிந்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. சிவகௌரி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"அவர் பாவம், பிடிக்கும் எண்டே நம்பிச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது உண்மை, உங்களுக்குத்தான் பொய். அதுதான் மஞ்சள். இது எல்லாப் பெண்டுகளுக்கும் வாறதுதான், விடுங்கோ."

பத்தொன்பதாவது கேள்வியை அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார். சிவகௌரியும் சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஊரில இருக்கிற உங்கட வீட்டில இப்ப ஆர் ஆர் இருக்கினம்?"

கோமதி மேசைமேல் இருந்த விளக்குகளைப் பார்த்தாள்.

பதில் சொல்லப் பத்து நொடி. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? நான் மட்டும்தான் என்று இவள் சொல்லுவாள். அம்மாவும் என் பெண்டாட்டியும் என்று அவன் சொல்லுவான். பொருந்தாது. உடனே அங்கே ஒரு மெஷின், "உங்கள் மனைவி வீட்டில் தனியாக இருப்பதாகச் சொல்கிறாரே, உங்கள் தாயார் எங்கே?" என்று அவனிடம் கேட்கும். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாத அறையில், முன்பின் தெரியாத ஒரு குரல் சொல்லித்தான் அவன் தன் அம்மா செத்ததைத் தெரிந்துகொள்வான். ஐயோ, அதற்கா இத்தனை தூரம் வந்தேன்!

பொய் சொன்னால்? அவன் நம்பிச் சொல்கிற பதில் அவனுக்கு உண்மை. தன்னுடையது பொய். பாட்டு விஷயம்போலத்தான். இன்னொரு மஞ்சள், அவ்வளவுதானே. மூன்று வரைக்கும் விடுவார்கள் என்று அக்கா சொன்னாளே. சாயங்காலத்துக்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தானே சொல்லிவிடலாம்.

"அத்தையும் நானும்," என்றாள்.

ஊதா எரிந்தது.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். சிவகௌரியின் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. மேசைக்குள்ளிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. அதிகாரி அதைக் கோமதியின் பக்கம் திருப்பிவைத்து ஏதோ சொன்னார்.

"என்னக்கா சொல்லுதாரு?"

"பிள்ளை... சோதனையை நிப்பாட்டியாச்சாம்." சிவகௌரி தாளில் இருந்ததை வரிவரியாகப் படித்தாள். "கேள்வி பத்தொன்பது. வந்தவர் சொன்னது பொய். துணைவர் சொன்னது பொய். பதில் முழுக்கப் பொருந்துது. முன்கூட்டித் திட்டமிட்ட ஏமாற்று."

"மெஷின் தப்பாச் சொல்லுதுக்கா! நான் சொன்னது பொய்தான், ஒத்துக்கிடுதேன். எங்க அத்தை இறந்துட்டாவ. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அது தெரியாது. நாங்க யாருமே சொல்லல. தெரியாத மனுசன் சொன்னது எப்படிக்கா பொய்யாகும்?"

சிவகௌரி அதை மொழிபெயர்க்கவில்லை. கோமதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவருக்குத் தெரியாட்டி, அது பொய்யா வராது பிள்ளை."

கோமதி அந்தத் தாளை வாங்கினாள். அந்த நாட்டு எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் இரண்டாவது வரியை விரலால் தடவிப் பார்த்தாள். துணைவர் சொன்னது பொய். தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது! எத்தனை நாளாகவோ? தெரிந்துகொண்டே தினமும் போன் பேசியிருக்கிறான். தான் அவிழ்த்துவிட்ட ஒவ்வொரு பொய்யையும், "அப்படியா, சரி சரி" என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். பாவி மனுஷன், யார் தோளில் சாய்ந்து அழுதானோ! மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கோமதி ஓவென்று அழுதாள்.

அதிகாரி ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தார். அவள் அழுது ஓயும்வரை காத்திருந்து, பிறகு கேட்டார். அவர் கேட்டதைச் சிவகௌரி சொன்னாள்: "ஏன் மறைச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

"கஷ்டப்படுவாகன்னு."

"அவர் ஏன் தனக்குத் தெரியும் எண்டதை மறைச்சவர்?"

"நான் கஷ்டப்படுவேன்னுதான் இருக்கும்."

அதிகாரி மூடிவைத்த பேனாவை மறுபடி திறந்தார். பிறகு அவர் சொன்னதைச் சிவகௌரி தயங்கித் தயங்கித் தமிழாக்கினாள். "அப்ப இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் ஒராளுக்கு ஒராள் பொய்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறியள். இதை உண்மையான உறவு எண்டு நான் எப்பிடி எழுதுறது எண்டு கேக்கிறார்."

கோமதியிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை அப்பாவிடம் மறைத்ததிலிருந்தா? தம்பி பரீட்சையில் தோற்றதை வெளிநாட்டு மாமாவிடம் மறைத்ததிலிருந்தா? சிவகௌரிதான் சட்டென்று அதிகாரியின் பக்கம் திரும்பி, அவருடைய மொழியில் பேசத் தொடங்கினாள். நிறையப் பேசினாள். நடுவில் ஒருதரம் குரல் உடைந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினாள். அதிகாரி அவளைத் தடுக்கவில்லை.

"என்னக்கா சொன்னீங்க?"

"சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டன். என்ர அப்பா செத்ததை எனக்கு எட்டு மாசமாச் சொல்லாமல் வைச்சிருந்தவை. அதைச் சொன்னன். அபிப்பிராயம் சொன்னதுக்கு என்னை வேலையால நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவினம், நிப்பாட்டட்டும்."

அதிகாரி கொஞ்சம் பேசினார். அவருடைய அம்மா இறந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து போனில் ஒரே ஒரு வரி வந்ததாம். கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது அதைப் படித்தாராம். உங்கள் வழி நல்லதா எங்கள் வழி நல்லதா என்று தனக்குத் தெரியவில்லை என்றார். ஆனால் ஊதாவை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. மேல்முறையீடு உண்டு, ஒன்றரை வருஷம் ஆகும், இதுவரைக்கும் யாரும் ஜெயித்ததில்லை. அவருடைய அதிகாரத்தில் இருப்பது ஒன்றுதான். திருப்பி அனுப்பும் முன், பத்து நிமிஷம் துணைவரோடு பேச அனுமதிக்கலாம். சுவரில் இருந்த வீடியோ திரையைப் போட்டுவிட்டு, அவர் எழுந்து வெளியே போனார். சிவகௌரியும் எழுந்துபோய் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

திரையில் சங்கரபாண்டி வந்தான். வேலைச் சட்டையோடு, தன் அறை நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"கோமு."

"எப்பத் தெரியும்?" என்றாள் அவள்.

"பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு."

"யாரு சொன்னா? எல்லார்ட்டயும் சத்தியம் வாங்குனேனே."

"யாரும் சொல்லலட்டீ. ஃப்ளெக்ஸ் போட்டிருக்காங்க, பஸ் ஸ்டாண்டு முக்குல. கண்ணீர் அஞ்சலின்னு. இங்க கூட வேலை பாக்கிற கயத்தாறுக்காரன் ஊர்ப் பக்கம் எடுத்த போட்டோன்னு என்னத்தையோ காட்டுனான். அதுல பின்னால அம்மா இருக்கா. பூமாலை போட்டு, பெருசா. கீழ வருந்தும் மகன்னு என் பேரு. கல்யாணத்துக்கு எடுத்தோமே, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு, அந்தப் போட்டோவைப் போட்டிருக்கானுவ."

கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஃப்ளெக்ஸை அவள் பார்க்காமல் இல்லை. ஆளாளுக்குச் சத்தியம் வாங்கத் தெரிந்ததே தவிர, அதை இறக்கச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாவு வீட்டில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் இருப்பது எப்படி? ஊர் என்ன பேசும்?

"அதுக்கப்புறமும் தினம் அம்மா சாப்பிட்டாளா, அம்மா சாப்பிட்டாளான்னு கேட்டீங்களே!"

"கேக்கலைன்னா நீ கண்டுபிடிச்சிருவியே."

"நானும் ரெண்டு இட்லி சாப்பிட்டாவன்னு சொன்னேனே..."

"ஆமா. ஒருநாள் மூணுன்னே. அன்னைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு கோமு. கிறுக்கு மாதிரி."

திரையின் ஓரத்தில் நிமிஷங்கள் குறைந்துகொண்டே வந்தன.

"ஏன் அம்மா இருக்கான்னு சொன்னீங்க? உண்மையைச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்லா. நான் வேற சொன்னா உன்னைய உள்ள விடமாட்டாங்களோன்னு பயந்தேன். இங்க விளக்கு, ஊதா, அது இதுன்னு யாரும் ஒண்ணும் சொல்லல. மெஷின் கேட்டுச்சு, நான் சொன்னேன். அப்புறம் பாத்தா அஞ்சு வருஷம் உன்னைய உள்ள விடமாட்டோங்கான்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அது கிடக்கட்டும். அம்மா எப்பிடிப் போனா? போட்டோவைத்தான் பாத்தேன். எப்பிடின்னு தெரியாது. யார்ட்டயும் கேக்கவும் முடியல."

இதைச் சொல்லத்தான் அவள் வந்தாள். சொன்னாள். காலையில் பால் வாங்கிவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, ஆம்புலன்ஸ், மூன்று நாள் ஐசியூ, தலைக்கு எண்ணெய் வைத்துவிடச் சொல்லி அத்தை அடம்பிடித்தது, சித்தப்பா மகன் கொள்ளி போட்டது, எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"கடைசியா என்னைத் தேடுனாளா?"

இல்லை, நிம்மதியாகத் தூக்கத்தில் போனாவ என்று சொல்லத்தான் ஊரிலிருந்து யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"தேடுனாவ. சொல்லாத சொல்லாதன்னு சொன்னாவளே தவிர, மூணு நாளும் கதவையேதான் பாத்துக்கிட்டு இருந்தாவ. யாரு உள்ள வந்தாலும், பாண்டியான்னு கேட்டாவ. நர்ஸ் வந்தாக்கூட."

சங்கரபாண்டி குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அவன் அப்படி அழுது அவள் பார்த்ததே இல்லை. கையை நீட்டித் திரையைத் தொட்டாள். வெறும் கண்ணாடி, சில்லென்று இருந்தது.

அவன் நிமிர்ந்து, "நான் வந்துரட்டுமா கோமு?" என்றான்.

இந்த ஒரு கேள்வி வந்துவிடக்கூடாது என்றுதான் நாற்பத்தேழு நாளாக ஒரு குடும்பமே பொய் சொன்னது. பதினோரு மாதம். நாலு வருஷக் குளிரும் கடலும் வீணாகப் போகும். வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு இருங்க என்று சொல்ல அவள் எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருந்தாள்! அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க," என்றாள் கோமதி. "இன்னைக்கே கிளம்பி வாங்க."

அவன் சின்னப்பிள்ளைபோலத் தலையை ஆட்டினான். இன்னும் மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தது. அந்த மூன்று நிமிஷமும் அம்மாவுக்காக இரண்டு பேரும் முதல் தடவையாகச் சேர்ந்து உட்கார்ந்து அழுதார்கள்.